நாற்பது ஆண்டுத் தவணையில் ஒரு விண்கலம்

முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில், அதுவும் பெரும்பகுதி கடன் பிரிவில் கழித்தவள் நான். ஒரு விண்வெளி விளையாட்டின் விதிப்புத்தகத்தில் கடன் நிபந்தனைகள் இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கலத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். பிறகு மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு வீதம் 480 மாதங்கள் கட்ட வேண்டும். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஆண்டு வட்டி ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. வீட்டுக் கடனுக்கே இந்த ஊரில் யாரும் இப்படிக் கொடுப்பதில்லை. இங்கோ அடமானச் சொத்து ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே மறைந்துவிடலாம். எங்கள் கிளைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால், அதைப் பரிந்துரைத்த குற்றத்துக்காக என்னையும் மாற்றல் செய்திருப்பார்கள்.

ஆட்டத்தின் பெயர் 'டிராவலர்'. மார்க் மில்லர் வடிவமைத்தது, 1977-இல் அமெரிக்காவில் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது. ஒரு சிறு பெட்டிக்குள் மூன்று கறுப்புப் புத்தகங்கள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டே 'மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா' வந்துவிட்டதால் அறிவியல் புனைவில் பாத்திரம் ஏற்று ஆடும் முதல் ஆட்டம் இது அல்ல. ஆனால் இன்றுவரை ஆடப்பட்டு வருகிறது. அந்த நிறுவனம் 1996-இல் மூடப்பட்டது. இப்போது இங்கிலாந்தின் மங்கூஸ் பப்ளிஷிங் வண்ணப் படங்களோடு புதிய பதிப்புகள் போடுகிறது. நான் இங்கே எழுதுவது பழைய கறுப்புப் புத்தகங்களைப் பற்றி.

ஆடும் முறையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், சந்தேகம் வரும் இடத்தில் இரண்டு பகடை உருட்ட வேண்டும்.

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு மாலை நான்கு பேர் கூடுகிறோம். மென்பொருள் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன், செவிலியரான அவன் மனைவி, விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற எதிர்வீட்டுப் பெரியவர், நடுவராக நான். அண்ணன் மகன் மின்நூலாக வாங்கியதை அருகிலிருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கட்டக் கொடுத்தோம். அங்கிருந்த பையன் ஓரத்தை அழகாக இருக்கட்டும் என்று வெட்டியதில் ஆயுதப் பட்டியலின் விலை வரிசை போய்விட்டது. இரண்டு வாரம் துப்பாக்கிகளுக்கு விலையே இல்லாமல் ஆடினோம். யாரும் வாங்கவில்லை, யாரும் தேடவும் இல்லை.

பாத்திரம் உருவாக்கும் பகுதி மட்டுமே தனி ஆட்டம். பதினெட்டு வயதில் தொடங்கி, கடற்படை போன்ற விண்படை, தரைப்படை, வணிகக் கலம், வேவுப்பணி என்று ஆறு துறைகளில் ஒன்றில் சேர வேண்டும். நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிக்காலம். ஒவ்வொரு பணிக்காலத்திலும் உயிர் பிழைத்தோமா என்று பகடை உருட்ட வேண்டும். தவறினால் ஆள் இறந்துபோவான். ஆட்டம் தொடங்கும் முன்பே! வேவுப்பணியில் ஏழு அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 வாய்ப்பில் 21. எங்கள் செவிலியர் பெண் அடுத்தடுத்து மூன்று பேரைப் பறிகொடுத்தாள். "அத்தை, மருத்துவமனையில்கூட ஒரே நாளில் இவ்வளவு பேர் போனதில்லை" என்று சொல்லிவிட்டு நான்காவது ஆளை வணிகக் கலத்தில் சேர்த்தாள். பெரியவருடைய ஆளும் அதே துறையில் ஐந்து பணிக்காலம் முடித்து, 38 வயதில் பொறியாளராக வெளியே வந்தார். 34 வயதிலிருந்து உடல் தளர்ச்சிக்கும் பகடை உண்டு என்று நான் படித்துக் காட்டியபோது, எழுபத்திரண்டு வயதுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

புதிய பதிப்புகளில் சாவுக்குப் பதில் விபத்து, வேலை இழப்பு என்று மென்மையாக்கிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் ஒரு பணிக்காலம் போனால் ஒரு திறமை கூடும், பணிக்கொடை கூடும், ஆனால் ஆளே போய்விடலாம் என்ற தயக்கம் இருந்தால்தான் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்கள் யோசிக்கிறார்கள். அதோடு, ஆட்டம் தொடங்கிய பிறகு பாத்திரங்கள் வேகமாகத் தேறிப் பெரிய வீரர்களாக மாறுவதெல்லாம் இதில் கிடையாது. கையில் இருக்கும் திறமையோடுதான் மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டும்.

உலகங்களை உண்டாக்குவது நடுவரின் வேலை. எட்டு வரிசை, வரிசைக்குப் பத்து அறுகோணக் கட்டம். அண்ணன் மகன் அறுகோணத் தாள் தேடிக்கொண்டிருந்தான். நான் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல் எண்பது புள்ளி வைத்துக் கொடுத்தேன், வேலை முடிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பகடை. நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் அங்கே ஓர் உலகம். பிறகு துறைமுகத் தரத்துக்கு ஓர் எழுத்து, பருமன், காற்று, நீர், மக்கள்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். நம் பூமியை இந்த முறையில் எழுதினால் பருமன் 8, காற்று 6, நீர் 7, மக்கள்தொகை 9. மக்கள்தொகை இலக்கம் என்பது ஒன்றுக்குப் பின்னால் போடும் சுழிகளின் எண்ணிக்கை.

எனக்கு மாற்றலான ஊர்களின் பெயர்களையே உலகங்களுக்கு வைத்தேன். சில ஊர்களுக்கு நச்சுக் காற்று விழுந்தபோது மறுபடி உருட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்க உலகம் ஒன்றுக்குத் தங்கவயல் என்று பெயர் கேட்டார். பகடை மெலிந்த காற்றைக் கொடுத்தது. நீர் சுழி. மக்கள்தொகைக்கு 3 விழுந்தது, அதாவது சில ஆயிரம் பேர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு தன் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடந்தது என்று அவர் சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு மேற்கொண்டு ஆடவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். சிறு வணிகர்களுக்கான கலம் 200 டன். விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட் (ஆட்டத்தின் நாணயம்). மாதத் தவணை 1,54,500. ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகுக்குப் பாய்வதைத் தாவல் என்கிறார்கள். ஒரு தாவலுக்கு, தூரம் எதுவானாலும், ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இறங்கிச் சரக்கு தேட இன்னொரு வாரம். எனவே மாதம் இரண்டு பயணம். சரக்கறை 82 டன், டன்னுக்குக் கூலி 1,000. அறை நிரம்பி வழிந்தாலும் மாதம் 1,64,000. தவணை போக மிஞ்சுவது 9,500. சுத்திகரித்த எரிபொருளுக்கே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே பயணிகளைத் தேடியாக வேண்டும். கிடைக்காவிட்டால் வியாழன் போன்ற பெருங்கோளில் இறங்கி இலவசமாக எரிபொருள் அள்ளி, இயந்திரம் பழுதாகாமல் இருக்க வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவும் போதாவிட்டால் கேள்வி கேட்காமல் யாருடைய பெட்டியையாவது ஏற்ற வேண்டும். வில்லன் தேவையில்லை, உலகை அழிக்கும் ஆயுதம் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வருகிறது, கதை தானாக நகர்கிறது. இதைக் கண்டுபிடித்தவருக்குக் கடன் பட்டவர்களைத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒளியை மிஞ்சும் தொலைபேசி எதுவும் இந்த உலகில் இல்லை. செய்தி கலத்தில் ஏறித்தான் போக வேண்டும். "விண்கலம் இருக்கும், போன் இருக்காதா?" என்று அண்ணன் மகன் முகம் சுளித்தான். எனக்கோ நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தின் வங்கியே கண்முன் நின்றது. தலைமை அலுவலகத்துக்குத் தந்தி போய்ப் பதில் வருவதற்குள் கிளை மேலாளர் சொன்னதுதான் சட்டம். தவணை கட்டாமல் ஓடினாலும் அப்படித்தான்: உங்களைப் பற்றிய கடிதம் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். ஆனால் நம் கலம் ஒரு தாவலில் ஒரு பார்செக்தான், அதாவது வரைபடத்தில் ஒரு கட்டம்தான், போகும். கடிதம் ஏறிய கலம் ஆறு வரைகூடத் தாவலாம்.

குறைகளும் உண்டு. கணினிகள் சிரிப்பை வரவழைக்கின்றன: மிகச் சிறியதே கலத்தில் ஒரு டன் இடத்தைப் பிடிக்கும், விலை 20 லட்சம், நிரல்களை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு இதை ஆடுவதே ஒரு வேடிக்கை. சண்டைப் பட்டியல்களில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவசத்துக்கும் தனி எண். விரல் வைத்துத் தேடுவதற்குள் கோபம் தணிந்துவிடுகிறது. விண்சண்டையைத் தரையில் அளவுகோல் வைத்து ஆட வேண்டும். கூடத்தில் ஆடினோம், ஏவுகணை பூஜை அறைக்குள் போய்விட்டது, நிறுத்திவிட்டோம். கணக்குப் பிடிக்காதவர் நடுவராக உட்கார்ந்தால் இரண்டாம் வாரமே ஓடிவிடுவார்.

பணத்துக்குத் தகுமா என்றால், மூன்று மின்நூல்களும் அச்சுக்கூலியும் சேர்த்து ஒரு நல்ல உணவகத்தில் நால்வர் சாப்பிடும் செலவுகூட ஆகவில்லை. ஏழு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறோம்.

கலத்தில் இருபது தூக்கப் பேழைகள் இருக்கின்றன. ஏழைப் பயணிகள் 1,000 கிரெடிட் கொடுத்து உறைந்து கிடந்து போவார்கள். எழுப்பும்போது ஐந்துக்குக் குறைவாக விழுந்தால் எழமாட்டார்கள். ஆறில் ஒருவர். மருத்துவத் திறன் 2 உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பகடையில் ஒரு புள்ளி கூடும். எங்கள் செவிலியர் பெண்ணின் பாத்திரத்துக்கு இருப்பது 1. போன மாதம் ஒன்பது பேரை ஏற்றினோம். இரண்டு பேர் எழவில்லை. அவள் பகடையைக் கீழே வைத்துவிட்டு, இனி பேழையில் ஆள் ஏற்றக் கூடாது என்றாள். பெரியவர் தவணை நோட்டைத் திருப்பிக் காட்டினார்: 31,000 குறைகிறது. தங்கவயல் துறைமுகத்தில் பதினான்கு பேர் பேழைக்குக் காத்திருக்கிறார்கள், அங்கே அவர்களுக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக இருவரும் போயிருக்கிறார்கள்.