துணிப்பையில் ஃபைல், கணினியில் பதிவு, செல்பேசியில் ஆபா எண்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலைப் பேருந்தில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரையாவது எப்போதும் பார்க்கலாம். பைக்குள் பழைய ஓபி சீட்டுகள், எக்ஸ்ரே உறை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், முனை மடங்கிய ஒரு நோட்டு. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பயணத்தில் அவர்கள் ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து போகிறார்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் தமிழ்நாட்டு அரசைச் சேர்ந்தவை. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம். புதுச்சேரியின் மற்ற அரசு மருத்துவமனைகள் ஒன்றியப் பிரதேச அரசின் பொறுப்பில் இருப்பவை. இவற்றுக்கு இடையே நோயாளியின் விவரத்தைக் கொண்டுசெல்ல இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கையிலுள்ள காகிதம், அந்தந்த மருத்துவமனையின் மின்னணுப் பதிவு, மத்திய அரசுத் திட்டத்தின் மருத்துவ அடையாள எண்ணான ஆபா எண் வழியான பகிர்வு. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுபவரை மனத்தில் வைத்து இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

காகிதத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை, மாநில எல்லை தெரியாது, எந்த மருத்துவரும் விரித்துப் படிக்கலாம். ஆனால் அது அடுக்கி வைப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. என் தாயாரின் ஃபைலில் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஈசிஜி தாள் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே மிகை, வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் கோடுகள் மங்கி, இப்போது வெளிர்ப் பழுப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் போட்ட பிளாஸ்டிக் உறையே அதை விரைவாக மங்கச் செய்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றே ஜெராக்ஸ் எடுத்திருந்தால் பழைய ஈசிஜியையும் புதியதையும் மருத்துவர் அருகருகே வைத்துப் பார்த்திருப்பார். நெஞ்சுவலியோடு வருபவருக்கு அந்த ஒப்பீடு பெரிதும் உதவக்கூடியது.

காகிதத்தின் பெரிய குறை வேறொன்று. அது எதையும் எச்சரிக்காது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் முதலில் 1.1, அடுத்த ஆண்டு 1.3, அதற்கடுத்த ஆண்டு 1.6 என்று ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று தாள்களும் மூன்று ஆய்வகங்களிலிருந்து வந்து பையின் மூன்று மூலைகளில் கிடந்தால், ஒவ்வொரு மருத்துவரும் தம் கையிலுள்ள ஒரு தாளைப் பார்த்துவிட்டு ‘சற்றுக் கூடுதல்’ என்று மட்டுமே சொல்வார். மூட்டுவலிக்கு இன்னொருவர் எழுதிய வலிமாத்திரை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும் என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

இந்த இடத்தில்தான் மருத்துவமனைக் கணினி தன் மதிப்பைக் காட்டுகிறது. முடிவுகள் எண்ணாகவே பதிவாகியிருந்தால் அதே மூன்று அளவுகள் திரையில் மேல்நோக்கிச் செல்லும் ஒரு கோடாகத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வயிற்றுத் தொற்றுக்காக மெட்ரோனிடசோல் எழுதினால், ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்று மென்பொருள் அந்த நொடியிலேயே தடுத்து நிறுத்திக் கேட்க முடியும். பென்சிலின் ஒவ்வாமை ஒருமுறை பதிவானால், வார்டு மாறினாலும் பணிநேரம் மாறினாலும் அது கூடவே வரும். உள்நோயாளியின் பாதுகாப்பைப் பொறுத்தவரை காகிதம் இதற்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

இருந்தும் கணினி வாங்கி வைத்தாலே இவையெல்லாம் நடந்துவிடும் என்பதில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கும் எச்சரிக்கை மணி அடித்தால் மருத்துவர்கள் படிக்காமலேயே மூடிவிடுகிறார்கள். உண்மையான ஆபத்தும் அந்தக் கூட்டத்தோடு மூடப்படுகிறது. கையால் எழுதிய சீட்டைப் படமெடுத்து ஏற்றிவிட்டு ‘டிஜிட்டல் பதிவு’ என்பவர்களும் உண்டு. அந்தப் படத்தை மனிதர் படிக்கலாமே தவிர, மருந்துச் சோதனை செய்யும் மென்பொருளுக்கு அது வெறும் படம்தான். இந்தக் கரைக்கே உரிய இன்னொரு கவலையும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் மின்சாரத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வெள்ளம். புயலில் காகிதம் நனையும், கணினி அணையும். ஆகவே மின்சாரம் இல்லாத நேரத்தில் வார்டில் எதைப் பார்த்து மருந்து கொடுப்பது என்பதற்கு முன்கூட்டியே அச்சிட்ட பட்டியல் வைத்திருக்கும் மருத்துவமனையே விவரமானது.

மருத்துவமனைக் கணினியின் எல்லை அதன் மதில்சுவர். அதைத் தாண்டுவதற்காக வந்ததே ஆபா எண். 2020 ஆகஸ்டு 15 அன்று இத்திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கிய ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. நாடு முழுவதற்குமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமாக 2021 செப்டம்பர் 27 அன்று அது விரிவடைந்தது. 14 இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைப் பெற்றுவிட்டால் தம் மருத்துவ வரலாறு முழுவதும் எங்கோ சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பதிவு, அதை உருவாக்கிய மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோதான் இருக்கும். எந்தப் பதிவை, யாருக்கு, எவ்வளவு காலத்துக்குக் காட்டலாம் என்று நோயாளி செல்பேசியில் ஒப்புதல் தந்தபின் அது அங்கிருந்து எடுத்துக் காட்டப்படும். அனுப்புமிடத்தில் மின்னணுப் பதிவே இல்லையென்றால் எண் இருந்தும் பயனில்லை. பதிவு மேசையில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து டோக்கன் பெறும் வசதியை நான் குறைத்துப் பேசமாட்டேன், முதியவர்கள் வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது. ஆனால் வரிசை குறைந்ததைச் சிகிச்சை மேம்பட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் ஆர்சிஎச் எண்ணோடு ஒப்பிட்டால் ஆபாவின் பலவீனம் புரியும். அந்த எண்ணை ஒரு குடும்பமும் மறப்பதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடமிருந்து பிரசவ வார்டு வரை அதைக் கேட்கிறார்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஆபா எண்ணை என் தாயாரிடம் பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பெயர்ச் சிக்கல் தனி: ஆதாரில் முதலெழுத்து பின்னால், ஓபி சீட்டில் முன்னால், ஆய்வக ரசீதில் முதலெழுத்தே இல்லை. இவர் அவர்தானா என்று கணினி தயங்குவதில் வியப்பில்லை. ஒப்புதலுக்கான ஓடிபி, வேலைக்குப் போயிருக்கும் மகனின் செல்பேசிக்கு வருவதும் இங்கே சாதாரணம்.

ஆகவே இன்றைய நிலையில் என் தேர்வு இது. அறுவை சிகிச்சைக்கோ பல நாள் உள்நோயாளியாகவோ சேர வேண்டியிருந்தால், மருந்தையும் ஒவ்வாமையையும் படமாக அல்லாமல் எழுத்தாகவே கணினியில் பதிவுசெய்யும் மருத்துவமனையையே தேர்ந்தெடுப்பேன். மாதாந்தர மருந்துக்கு எல்லை தாண்டி அலைபவருக்கு இன்னமும் நோட்டே முதல் துணை, ஆபா இரண்டாவது. அதனால் நோட்டின் முதல் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். மருந்துகளின் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயர், அளவு, தொடங்கிய தேதி, கீழே ஒவ்வாமை, அதற்கும் கீழே கிரியேட்டினின், மூன்று மாத சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி ஆகிய இரண்டும் தேதி வாரியாக. ஆய்வக மேசையில் பணம் கட்டும் முன்பு, முடிவை ஆபா எண்ணோடு இணைப்பீர்களா என்றும் கேட்கிறேன். கடந்த முறை அங்கிருந்த பெண் சற்று யோசித்துவிட்டு உள்ளே போய் விசாரித்து வந்து, ‘எண்ணைச் சொல்லுங்க அம்மா’ என்று தாயாரைப் பார்த்துக் கேட்டார். எண் என் செல்பேசியில் இருந்தது. இப்போது அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன்.