கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்ககம்: வாங்குவதற்கு முன் பதினொரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்தது

சென்னைக்குத் தெற்கே உள்ள கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நான்கு மாடிகளுடன் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கலாமா என்று சென்ற ஆண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுநர் கேட்ட விலை 55 லட்சம். அதே குடியிருப்பில் வேறொருவர் முதலீட்டுக்காக வாங்கிப் போட்டிருந்த வீடு 15,000 ரூபாய் வாடகைக்குக் கிடைத்ததால், முடிவைத் தள்ளிவைத்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியேறினேன். இந்த மதிப்பீடு அந்தப் பதினொரு மாதத்தின் கணக்கு. கட்டுநரின் பெயரை எழுதப்போவதில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகளில் பாதி அந்த ஊருக்கே உரியவை.

வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. இரண்டு பக்கமும் சன்னல் திறப்பதால் மாலைக் காற்று கூடத்தைக் கடந்து சமையலறை வரை வருகிறது, சுவரில் விரிசல் இல்லை, மின்சாரம் நின்றால் அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடி லிஃப்ட் நகர்கிறது. விளம்பரத்தில் 1,020 சதுர அடி என்று போட்டிருந்ததில், சுவருக்குள் நாம் நடமாடக்கூடிய பரப்பு 740 சதுர அடிதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்த பிறகு இந்த உள்பரப்பைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பதால், விற்பனையாளரிடம் கேட்டவுடன் தாளை எடுத்து நீட்டினார். கேட்காதவர்களுக்கு அவர் 1,020-ஐ மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள்களில் இன்னொன்றையும் கவனித்தேன். சிற்றேட்டின் அட்டையில் நீல நிறத்தில் மினுங்கும் நீச்சல் குளமும் அதையொட்டிய கிளப் ஹவுஸும் நான் வாங்க நினைத்த முதல் கட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை தனிப் பதிவு எண்ணும் தனி முடிவுத் தேதியும் கொண்ட இரண்டாம் கட்டத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பதிவாகும் திட்டங்களில், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது. நான் இருந்த காலம் முழுவதும் அந்த நீச்சல் குளம் ஒரு பள்ளமாகவே இருந்தது. ஐப்பசியில் தவளைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன.

இனி ரயிலுக்கு வருகிறேன். என் அலுவலகம் சென்னை நகருக்குள், நுங்கம்பாக்கத்தில். புறநகரில் வீடு பார்ப்பவர்கள் எல்லாருமே நிலையத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். நானும் அதைத்தான் அளந்தேன். அளந்திருக்க வேண்டியது தாம்பரத்தை. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில்களில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடுகிறது. செங்கல்பட்டு வரை செல்லும் வண்டிகள் அவற்றைவிடக் குறைவு. இதனால் தாம்பரத்துக்கு முன்பே உள்ள குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ இருப்பவர் நடைமேடையில் நின்று அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்வார். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தாண்டிப் போக வேண்டியவரோ வண்டி நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வாழ வேண்டும்.

காலையில் இது அவ்வளவாக உறைப்பதில்லை. செங்கல்பட்டு வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிற்க மட்டும்தான் இடம் இருக்கும் என்றாலும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக நுங்கம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். சிக்கல் மாலையில். ஏழு மணி வாக்கில் வந்த வண்டியில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு வண்டிக்காக இருபது இருபத்தைந்து நிமிடம் நிற்பது என் அன்றாடமாயிற்று. அங்கே ஒவ்வொரு நாளும் ஒரே முகங்கள். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் ஓர் அம்மா, காத்திருக்கும் நேரத்திலேயே மடியில் துணி விரித்து அவரைக்காய் நார் எடுத்து முடித்துவிடுவார். வீடு போய்ச் சேர எட்டரை ஆகும் என்று அவருக்குத் தெரியும். இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை இன்னொரு காத்திருப்பு. குறித்து வைத்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால், வாசலிலிருந்து வாசலுக்குக் காலையில் சராசரியாக ஒன்றரை மணி, மாலையில் இரண்டு மணி. மாதச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த மலிவுக்குள் மூன்றரை மணி நேரத்தின் விலை சேரவில்லை.

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. வெயில் காலத்தில் இரண்டு முறை சென்றேன். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு நாளுக்குச் சில நடைகள் மட்டுமே உள்ள வண்டியை நம்பி வேலைநேரத்தை அமைத்துக்கொள்ள முடியாது. விற்பனையாளர் ஒவ்வொரு முறையும் வாயெடுத்தாலே சொல்லும் விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பு இன்னும் ஓடவில்லை, ஓடாத ரயிலுக்கான விலையை இன்று என்னிடம் கேட்பது நியாயமாகப் படவில்லை. கிளாம்பாக்கத்தால் எனக்கு உண்மையாகவே கிடைத்த பயன் வேறு. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பேருந்து முனையம் திறந்த பிறகு விழுப்புரத்திலிருந்து வரும் என் அம்மா நகருக்குள் இருக்கும் கோயம்பேடு பேருந்து நிலையம் வரை போகத் தேவையில்லை. இருபது நிமிடத்தில் நான் போய் அழைத்து வந்துவிடுகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் மட்டும், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையை மறந்துவிட வேண்டும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடையாறு தொடங்கும் ஆதனூர்ப் பகுதி இந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் குடியிருப்பு நனையவில்லை. மண் கொட்டி மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்த மூன்றடித் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கான விடை, எதிர் வரிசையில் இருக்கும் பழைய வீட்டின் மதில் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடாகப் படிந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம், “தம்பி, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வராது, ஆனா உங்களால வெளிய வர முடியாது” என்றார். கார்த்திகையில் அடுத்தடுத்து இரண்டு நாள் பெய்தபோது அவர் சொன்னது அப்படியே நடந்தது. தரைத்தளம் காய்ந்து கிடக்க, தெருமுனையில் ஆட்டோ திரும்பிப் போயிற்று. கோடையில் நிலைமை தலைகீழ். போர் தண்ணீர் உவர்ப்பதால் குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டுகிறது, சித்திரையில் தண்ணீர் லாரி வராத நாள் இல்லை, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தின் மேல் தனியாக ஏறுகிறது.

பள்ளி, மருத்துவமனை, மளிகை எதற்கும் குறைவில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். 55 லட்சத்தில் வங்கி 80 விழுக்காடு, அதாவது 44 லட்சம் கொடுக்கும். 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 38,200 ரூபாயை ஒட்டி வருகிறது. முதல் ஆண்டில் கட்டும் 4.58 லட்சத்தில் ஏறத்தாழ 3.70 லட்சம் வட்டிக்கே போகும். கையிலிருந்து போட வேண்டிய 11 லட்சத்தோடு பத்திரச் செலவும் உண்டு: புதிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 7 விழுக்காடு, எனவே 3.85 லட்சம். பணி நிறைவுச் சான்று பெற்ற வீடு என்பதால் ஜிஎஸ்டி வரி இல்லை, அது ஓர் ஆறுதல். இதே வீட்டுக்கு ஆண்டு வாடகை 1.80 லட்சம், விலையில் மூன்றேகால் விழுக்காடு. வாடகை வீண் செலவு என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் இந்த 1.80 லட்சத்தையும் அந்த 3.70 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு.

பத்திரங்களில் குறை இல்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் வழக்கறிஞர் பார்த்து, பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது குடியிருப்பின் மொத்த நிலத்தில் இந்த வீட்டுக்கு உரிய பகுதி, 430 சதுர அடி என்று உறுதிசெய்தார். எனவே இங்கிருந்து தெற்கே உள்ள மகேந்திரா சிட்டியிலோ மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலோ வேலை செய்பவர் என்னைக் கேட்டால், விலையில் மூன்று லட்சம் குறைக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள் என்பேன். அவர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்வார், தாம்பரத்தில் நிற்க மாட்டார். தாம்பரத்துக்கு வடக்கே தினமும் போக வேண்டியவருக்கு இந்த விலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தை பிறந்ததும் விலை ஏறும் என்று விற்பனையாளர் தொலைபேசியில் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டு உரிமையாளரிடம் இன்னொரு பதினொரு மாதம் கேட்டேன். வாடகையை ஆயிரம் ரூபாய் உயர்த்தினார், ஒப்புக்கொண்டேன்.