ஞாயிறு ராத்திரி ஃபில்லி ரேஸ்: யார் முந்துவாள், அந்த ஆப் தேறுமா?

குதிரைப் பந்தய ஆப் ஒன்றை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் விளம்பரம் என்பீர்கள், மீதிப் பேர் கம்பெனிக்காரனோடு எனக்கு ஏதோ வாய்க்கால் தகராறு என்பீர்கள். லாயம் வைத்து, குட்டியை வாங்கியோ ஈன வைத்தோ வளர்த்து, பயிற்சி கொடுத்து, மற்றவர்களின் குதிரைகளோடு ஓடவிடும் வகை. இந்த ரகத்தில் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான், அதனால் நான் சொல்வது உங்கள் ஃபோனில் இருப்பதற்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் காசு வைத்து ஆடுவது கிடையாது. ஜெயித்தால் ஆப்புக்குள்ளேயே செல்லும் நாணயம், அதைக் கொண்டுபோய் வெளியில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை விளையாட்டு என்று சொன்னது நிஜக் குதிரை, நிஜ ஜாக்கியை வைத்து. ஃபோனில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடுத்துவிட்டது, அங்கே திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே "எவ்வளவு கிடைக்கும்" என்று கேட்டு யாரும் வர வேண்டாம்.

நாங்கள் ஆடுவது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு ஜில்லா, ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், சினிமா பார்க்கப் பொள்ளாச்சி. ரேக்ளா என்றால் கிழக்கே போவோம், காளைப்பூட்டு, அதான் சேற்று வயலில் காளை ஓட்டுவது, என்றால் மேற்கே. நிஜக் குதிரை ஓடுவதைப் பார்க்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊட்டிதான். என் மாமா கோடை சீசன் வந்துவிட்டால் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிவிடுவார், அதிலும் ஃபில்லிகள், அதாவது இளம் பெண் குதிரைகள், ஓடும் நீலகிரி 1000 கினீஸ் பந்தயம் என்றால் கல்யாண வீட்டைக்கூட அத்தை தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். 2024 ஜூலையில் அந்த ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதோடு அது முடிந்தது. அப்புறம்தான் என் ஃபோனை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார், இப்போது அவர் சொல்லாமல் எங்கள் குழுவில் ஒரு குதிரைக்கும் சேணம் ஏறுவதில்லை.

இத்தனை காலம் ஆடியதில் எனக்குப் பட்டது இதுதான்: பந்தயம் ஒன்றரை நிமிஷம், அதில் நாம் செய்ய ஒன்றுமே இல்லை, ஃபோனைப் பார்த்துக் கத்தலாம், அவ்வளவே. நிஜமான ஆட்டம் அதற்கு முந்தைய நாலைந்து நாள். ஓடப்போகும் குதிரைகளின் பட்டியல் வந்ததும் ஒவ்வொன்றின் பழைய ஓட்டத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு யார் எங்கே நிற்பாள், யார் முன்னால் பாய்வாள், யாருக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று யோசிக்கிறோமே, அதற்காகத்தான் இந்த ஆப்பை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதிலும் இரண்டு வயது ஃபில்லிகளின் பந்தயம் தனி ருசி. வயதான குதிரைக்கு வரலாறு இருக்கும், கணக்குப் போட்டுவிடலாம். 2020-இல் கொரோனாவால் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயம் நடக்காமல் போனபோது கம்ப்யூட்டரில் ஓட்டி டிவியில் காட்டினார்கள், பாட்டர்ஸ் கார்னர் ஜெயித்தது. அடுத்த மாதமே அமெரிக்காவில் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்து டிரிபிள் கிரவுன் வாங்கிய 13 குதிரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி மெய்நிகராக ஓடவிட்டார்கள், செக்ரடேரியட் முதலாவதாக வந்தது. அந்தக் குதிரைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்ட மூட்டை மூட்டையாகத் தகவல் இருந்தது. ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஓடிய குட்டிக்கு என்ன இருக்கிறது? அங்கேதான் நம் கண்ணுக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் குழுவின் ஃபில்லி ரேஸ். 1400 மீட்டர், புல் தரை, பத்துக் குட்டிகள், எல்லாருக்கும் முதுகில் ஒரே எடை.

பட்டியலைத் திறந்ததும் எல்லாரும் ரேட்டிங்கைப் பார்க்கிறார்கள். நான் பிறந்த தேதியைப் பார்க்கிறேன், அதாவது மாமா பார்க்கச் சொன்னார். "டைமை அப்புறம் பாரு மாப்ளே, குட்டி எந்த மாசம் பொறந்ததுன்னு மொதல்ல பாரு" என்பார். வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் கணக்கில் ஜனவரி 1-ஆம் தேதிதான் பிறந்தநாள். ஜனவரியில் விழுந்த குட்டியும் மே மாதம் விழுந்த குட்டியும் ஏட்டில் ஒரே இரண்டு வயது, உடம்பில் நாலு மாத வித்தியாசம். ஐந்து வயதில் அது ஒன்றுமில்லை. இரண்டு வயதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மூன்றாம் வகுப்போடு ஓட விடுகிற கதை. நம் ஆப் இதை உள்ளே சரியாகக் கணக்கில் எடுக்கிறது, ஆனால் வெளியே ரேட்டிங்கில் காட்டுவதில்லை, தேதியைத் தேடி மூன்றாவது பக்கத்துக்குப் போக வேண்டும். இந்த ஆப்பில் இருக்கிற ஆகப்பெரிய குறையும் இதுதான், ஆகப்பெரிய சுவாரசியமும் இதுதான்.

சரி, குட்டிகளுக்கு வருவோம்.

ரேட்டிங்கில் முதலாவது சில்லி சுந்தரி. பாலக்காட்டுச் சித்தூர் பையன் ஒருவனுடையது. ஜனவரிக் குட்டி, ஓடியது இரண்டு, ஜெயித்தது இரண்டு, இரண்டுமே 1000 மீட்டர், இரண்டிலும் கேட் திறந்ததும் முன்னால் போய்க் கடைசிவரை திரும்பிப் பார்க்கவே இல்லை. பையன் இவளை ரஃபியன் என்கிறான். 1974-இல் அமெரிக்காவின் ரஃபியன் என்ற ஃபில்லி இரண்டு வயதில் ஓடிய ஐந்தையும் ஜெயித்தாள், முதல் பந்தயத்திலேயே 15 குதிரை நீளம் முன்னால், அந்த ஐந்திலும் முன்னால் ஓடியே ஜெயித்தவள், அதெல்லாம் உண்மை. ஆனால் அவளோடு சேர்ந்து ஓடப் பெரும்பாலும் ஆள் இல்லை. சுந்தரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல இரண்டு. போதாததற்கு ஒன்பதாவது கேட், அதாவது புறப்படும் வரிசையில் உள்வேலியிலிருந்து ஒன்பதாவது கூண்டு.

கேட் எண்ணை லேசாக நினைக்காதீர்கள். எங்கள் குழு ஓட்டும் மைதானத்தில் ஒரு அரைவட்ட வளைவு இருக்கிறது. வேலியை ஒட்டி ஓடுகிறவளைவிட ஒரு மீட்டர் வெளியே ஓடினால் அந்த வளைவில் மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும், பள்ளிக்கூடத்தில் படித்த பை கணக்குதான். மூன்று மீட்டர் வெளியே என்றால் ஒன்பதரை மீட்டர். குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர், ஆக ஏறக்குறைய நாலு நீளம் சும்மா போகிறது. சுந்தரி உள்ளே வர வேண்டுமானால் முதல் 300 மீட்டரில் மூச்சைச் செலவழிக்க வேண்டும், வராவிட்டால் வளைவில் தூரத்தைச் செலவழிக்க வேண்டும்.

வேலந்தா எக்ஸ்பிரஸ் இரண்டாவது கேட். வேலந்தாவளம் எக்ஸ்பிரஸ் என்று வைக்கத்தான் ஆசைப்பட்டார்கள், ஆனால் நிஜப் பந்தயத்தில் இருக்கிற மாதிரியே இங்கேயும் இடைவெளி சேர்த்து 18 ஆங்கில எழுத்துக்குள் பெயர் அடங்க வேண்டும், வளம் கழன்றுவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் பிறந்தவள், 1200 மீட்டரில் ஒரு வெற்றி, இவளும் முன்னால் போகிற ஜாதி. ஆறாவது கேட்டில் பட்டாசு என்று ஒன்று இருக்கிறது, 600 மீட்டருக்கு மேல் அதற்கு வேலை தெரியாது, ஆனால் அந்த 600-இல் யாரையும் நிம்மதியாக விடாது. ஆக மூன்று பேர் முதலிடத்துக்கு முட்டிக்கொள்ளப் போகிறார்கள். ஆப்பின் உள்கணக்கில் முன்னால் தனியாகப் போகிறவளுக்கு மூச்சு மிச்சமாகும், இருவர் தோளோடு தோள் உரசினால் இருவருக்கும் கரையும், மூவர் என்றால் கேட்கவே வேண்டாம். நீண்ட நாள் ஆடியவர்களுக்கு இது தெரியும், புதிதாக வந்தவர்கள் ரேட்டிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மலம்புழா மோள், ஏழாவது கேட். ஜோஸ் சேட்டனுடையது. 1400 மீட்டரை ஏற்கனவே ஓடிப் பார்த்த ஒரே குட்டி, இரண்டு முறை இரண்டாவது, ஒருமுறை மூன்றாவது. நல்ல குட்டிதான், வம்பு தும்பு இல்லை, நடுவில் அமைதியாக உட்கார்ந்து கடைசியில் வருவாள். ஆனால் இவளிடம் மறைந்திருப்பது எதுவும் மிச்சமில்லை, இவ்வளவுதான் இவள். நம்பி மூன்றுக்குள் போடலாம், முதலாவதாகப் போட எனக்குக் கை வரவில்லை.

இப்போது கோடைமழை. மெடிக்கல் ஷாப் அக்காவின் குட்டி, நாலாவது கேட். ரேட்டிங்கில் எட்டாவது இடம். ஏப்ரல் கடைசியில் பிறந்தவள், ஒரே ஒரு முறை ஓடினாள், 1200 மீட்டர், நாலாவதாக வந்தாள், மூன்று நீளம் பின்னால். ஆப் இதை மட்டும் பார்த்துவிட்டு "சராசரி" என்று ஒரு சாம்பல் நட்சத்திரம் குத்திவிட்டது. அந்த ஓட்டத்தின் ரீப்ளேயைப் போட்டுப் பாருங்கள். கேட்டில் அரை நொடி தூங்குகிறாள். அப்புறம் வளைவு முழுக்க வேலியிலிருந்து நாலு மீட்டர் வெளியே, உள்ளே வர இடமே கிடைக்கவில்லை, மேலே சொன்ன கணக்கில் அதுவே பன்னிரண்டரை மீட்டர், ஐந்து நீளம். வளைவு முடிந்து நேர்த்தடம் வரும்போது ஒன்பதாவது. கடைசி 400 மீட்டரை ஜெயித்தவள் 23.9 நொடியில் ஓடினாள், இவள் 23.1. பந்தயக் குதிரை நொடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர் ஓடும், ஆக அந்த 0.8 நொடி என்பது பதின்மூன்று மீட்டர். ஐந்து நீளம் தூரத்தில் இழந்துவிட்டு மூன்று நீளத்தில் தோற்றிருக்கிறாள், அதுவும் கூட ஓடியவர்களைவிடச் சின்னக் குட்டி. அவளுடைய அம்மா 2000 மீட்டரில் ஜெயித்தவள், தூரம் கூடக் கூட இவளுக்கு நல்லதுதான்.

மாமாவிடம் ரீப்ளேயைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி 200 மீட்டரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "காதைப் பாத்தியா, இன்னும் முன்னாலதான் இருக்குது, இவ இன்னும் ஓடவே இல்ல" என்றார். நிஜக் குதிரை முழு மூச்சில் முட்டும்போது பெரும்பாலும் காதைப் பின்னால் படுக்க வைத்துக்கொள்ளும், அதை வைத்துச் சொல்கிறார். ஏனுங்க மாமா, இது கம்ப்யூட்டர் பொம்மைங்க, காதுக்கெல்லாம் கணக்கு இருக்காதுங்க என்றேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. அந்தக் காது அனிமேஷனுக்கும் மூச்சுக் கணக்குக்கும் தொடர்பு உண்டா என்று ஆப்பில் எங்கேயும் எழுதவில்லை, இருந்தாலும் இப்போதெல்லாம் நானும் காதைப் பார்க்கிறேன்.

என் குட்டி கருப்பாயியும் ஓடுகிறாள், பத்தாவது கேட், இன்னும் ஒரு பந்தயமும் ஓடாதவள். அனுபவத்துக்காக இறக்குகிறேன். மீதி நாலு பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவர்களுடைய சொந்தக்காரர்களே பயிற்சிப் பட்டியலைத் திறந்து பார்த்து மாதக்கணக்காகிறது.

ஆப்பைப் பற்றி மிச்சம். மாதச் சந்தா கட்டினால் "நிபுணர் கணிப்பு" என்று ஒன்று வரும், கட்ட வேண்டாம். அது அந்த ரேட்டிங்கையே வேறு வாக்கியத்தில் சொல்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் கட்டினார், அவருக்கும் இலவசமாக ஆடுகிற எங்களுக்கும் பார்க்கக் கிடைப்பது ஒரே தகவல்தான். பயிற்சியில் ஒரு விஷயம் நன்றாக இருக்கிறது: இரண்டு வயதுக் குட்டியைத் தினமும் வேகமாக ஓட்டினால் முழங்கால் கோளாறு வந்து சீசன் முழுக்க லாயத்தில் நிற்கும். நிஜத்திலும் அந்த வயதில் எலும்பு முழுதாக முற்றியிருக்காது, ஆகவே இதைச் செய்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வர்ணனைக் குரல் சகிக்கவில்லை, எல்லாப் பந்தயத்திலும் ஒரே பன்னிரண்டு வாக்கியம், நாங்கள் சத்தத்தை அணைத்துவிட்டு ஜோஸ் சேட்டனைச் சொல்லச் சொல்கிறோம், அவர் பாதி மலையாளத்தில் பாதி தமிழில் வாங்குவாங்கென்று வாங்குவார். ஃபோன் சூடாகும், பழைய ஃபோனில் நேர்த்தடத்துக்கு வரும்போது படம் திக்கும், முடிவு மாறாது. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பந்தயம் சர்வரில் ஓடிவிடும், காலையில் ரீப்ளே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் யாராவது வாட்ஸப்பில் முடிவைப் போட்டுத் தொலைத்திருப்பார்கள்.

சந்தா இல்லாமல், பொறுமை இருந்தால், தாராளமாக ஆடலாம். வந்ததும் ஜெயிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

என் கணிப்பு: கோடைமழை முதலாவது, மலம்புழா மோள் இரண்டாவது, முன்னால் போய் மூச்சு வாங்கினாலும் உள் கேட் இருப்பதால் வேலந்தா எக்ஸ்பிரஸ் மூன்றாவது. சுந்தரி ஐந்துக்குள் வந்தால் அதிகம். அக்காவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், சனிக்கிழமை கேட் பயிற்சி மட்டும் கொடுங்கள், வேகப் பயிற்சி வேண்டாம், அந்த அரை நொடித் தூக்கம் தெளிந்தால் போதும்.