மஞ்சக்குப்பம் பிஎச்பி வகுப்பு: செஷன் பாடத்துக்காகவே சேரலாம்

கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) மாமா மீன்வலைக் கடை வைத்திருக்கிறார். இருப்புக் கணக்குக்கு நான்தான் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு இணையதளம் எழுதிக் கொடுத்தேன். கடையில் மூன்று பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். மாமா பாதி நிரப்பிவிட்டு, ஆள் வந்தால் வலை எடுத்துக் காட்டப் போய்விடுவார். திரும்பி வந்து சேமித்தால் சில நாள் லாகின் பக்கம் வந்து நிற்கும், சில நாள் ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் காரணம் புரியாமல் திண்டாடினேன். மஞ்சக்குப்பத்தில் சனி, ஞாயிறு மாலை நடக்கும் ஆறு வார வகுப்பில் சேர்ந்தது அதற்காகத்தான். கட்டணம் 4,500 ரூபாய்.

மூன்றாவது வாரம் விடை கிடைத்தது. லாகின் செய்தவர் யார் என்று சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதிவுதான் செஷன். பிஎச்பியில் அதன் இயல்பான ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அவ்வளவு நேரம் தொடாமல் கிடந்தால் அது குப்பைக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் உடனே அள்ளப்படாது. யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, குலுக்கலில் விழுந்தால்தான் அள்ளும் வேலை நடக்கும். அந்தச் 'சில நாள்' எதனால் என்று அன்றுதான் தெரிந்தது.

செஷனை விளக்க ஆசிரியர் பாடலீசுவரர் கோயிலில் செருப்பு விட்டு டோக்கன் வாங்குவதில் தொடங்கினார். உலாவி வைத்திருக்கும் சின்னக் குறிப்பான குக்கியில் இருப்பது டோக்கன் எண் மட்டும், செருப்பு, அதாவது செஷன் தகவல், சர்வரில். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே செருப்பு. சொன்னதோடு விடவில்லை. என் உலாவியில் இருந்த, செஷன் எண்ணைத் தாங்கும் பிஎச்பிசெஸ்ஐடி குக்கியின் மதிப்பை நகலெடுத்துப் பக்கத்துக் கணினியில் ஒட்டச் சொன்னார். கடவுச்சொல் கேட்காமலே அங்கே என் கணக்கு திறந்துகொண்டது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மாமா கடைக் கணக்கும் இப்படித்தானே கிடக்கிறது?

அப்புறம் சொல்லிக்கொடுத்த காப்புகள் மனதில் நின்றதற்கு அந்த ஐந்து நிமிடம்தான் காரணம். லாகின் ஆனதும் செஷன் எண்ணை மாற்றுவது, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் குக்கியைப் படிக்காமலிருக்க எச்டிடிபிஒன்லி என்ற குக்கி அமைப்பு, மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் இணைப்பு வழியாக மட்டும் குக்கி போக செக்யூர் என்ற அமைப்பு. என் லாக்அவுட் நிரலையும் உட்கார்ந்து பார்த்தார். நான் லாகின் பக்கத்துக்கு அனுப்பியதோடு நிறுத்தியிருந்தேன். செஷன் மாறிகளைக் காலி செய்து, செஷனை அழித்து, குக்கியையும் காலாவதியாக்க வேண்டும் என்று மூன்று வரி சேர்க்க வைத்தார்.

குறைகளும் உண்டு. 14 பேருக்கு 8 கணினிதான். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று தீர்மானிக்கும் சேம்சைட் என்ற அமைப்பைப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். வேறொரு தளத்தில் இருக்கும் படிவம் நம் குக்கியோடு நம் சர்வருக்கு வந்து சேருவது சின்ன விஷயமா? அதன் லேக்ஸ், ஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு மதிப்புகளுக்காவது கைப்பயிற்சி தந்திருக்க வேண்டும்.

மாமா கடையில் இப்போது செஷன் ஆயுள் மூன்று மணி நேரம். பாதி நிரப்பிய படிவமும் வரைவாகத் தரவுத்தளத்தில் சேர்ந்துவிடுகிறது. ஒரு தளமாவது எழுதி, எங்கேயாவது மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் யோசிக்காமல் சேருங்கள். முதல்முறையாக நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வேகம் கஷ்டம்.