தனியாக மலையேறும் நாளில் தண்ணீர்: குழாய்ப் பையா, ஃபில்டரா, பாட்டிலா?

வெயில் காலத்தில் தனியாக மலையேறி அன்றைக்கே இறங்குவதாகத் திட்டம் போட்டால், தண்ணீரை எதில் எடுத்துப் போவது என்ற கேள்வி வீட்டில் பை கட்டும்போது சின்னதாகத்தான் தெரியும். பாதி ஏற்றத்தில் அது பெரிதாகிவிடும். நான் மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. மிதமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர் என்பார்கள், வெயிலும் ஏற்றமும் சேர்ந்தால் முக்கால் லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறு மணி நேரத்துக்கு 3 முதல் 4.5 லிட்டர், அதாவது முதுகில் 3 முதல் 4.5 கிலோ. இந்த எடையைத் தவிர்க்கத்தான் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள், தனியாகப் போகும்போது தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை சுகமானது, மறுக்கவே மாட்டேன். கை இரண்டும் சும்மா இருக்கும், நடந்தபடியே உறிஞ்சலாம், அதனால் தாகம் எடுத்த பிறகு மடமடவென்று குடிக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று தானாகவே குடித்துவிடுவோம். எடையும் முதுகை ஒட்டியே நிற்பதால் பாறையில் கை ஊன்றி ஏறும்போது பை ஆடாது. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை இன்னும் ஒரு லிட்டராவது இருக்கும் என்ற நம்பிக்கையில் நான் போய்க்கொண்டிருக்க, உச்சிக்கு அரை மணி தூரத்தில் குழாயில் வெறும் காற்று வந்தது. கூட ஆள் இருந்தால் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடிக்கலாம், அன்றைக்கு யாரும் இல்லை. அங்கேயே திரும்பினேன், இறங்கி முடிக்கும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பையில் ஓட்டை விழுந்தாலும் இதே நிலைதான், மொத்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கிறதே. அப்புறம் குழாயில் நிற்கும் தண்ணீர் வெயிலில் சூடாகும் (குடித்ததும் ஊதிப் பைக்குள்ளேயே திருப்பி அனுப்பினால் சரியாகும்), கழுவிக் காயவைக்காவிட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

ஓடைத் தண்ணீரை வழியிலேயே வடிகட்டிக் குடிக்கும் ஃபில்டர் 100 கிராமுக்குள்ளேயே கிடைக்கிறது. 0.1 மைக்ரான் துளை உள்ளது பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸ் அதைவிடச் சின்னது என்பதால் தப்பித்துவிடும், தண்ணீரில் கரைந்த ரசாயனமும் நிற்காது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், வெயில் காலத்தில் ஓடையே வற்றியிருக்கும். வரைபடத்தில் நீலக் கோடு இருக்கும், போய்ப் பார்த்தால் கூழாங்கல்தான். ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று அந்த வாரம் போய்வந்தவர் யாராவது சொன்னால் ஒழிய இதை மட்டும் நம்பி ஏறக் கூடாது.

அதனால் தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு சாதாரண பாட்டிலுக்குத்தான். ஒரு லிட்டர் பாட்டில் மூன்று வைத்தால் ஒன்று உடைந்தாலும் இரண்டு இருக்கும். இரண்டாவது பாட்டில் பாதிக்கு வந்ததும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளலாம், பாட்டிலைப் பார்த்தாலே போதும். மூன்றில் ஒன்றில் ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடி) கலக்கலாம், பையில் கலந்தால் குழாயெல்லாம் பிசுபிசுத்துவிடும். இந்த உப்பு விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள்: மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். பார்ப்பதற்கு நீர்ச்சத்துக் குறைவு போலவே இருப்பதால், தனியாக இருப்பவர் இன்னும் தண்ணீர் குடித்து அதை மோசமாக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பாட்டிலின் குறை ஒன்றுதான், பக்கப் பைக்குள் கை எட்டாது. கூட வருபவர் எடுத்துக் கொடுப்பார், தனியாக இருந்தால் அப்புறம் குடிக்கலாம் என்று தள்ளிப்போட்டே ஒரு மணி நேரம் ஓடிவிடும். தோள்பட்டை வாரில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மாட்டிக்கொண்டு, தீர்ந்ததும் பெரிய பாட்டிலிலிருந்து நிரப்பினேன், அந்தப் பிரச்சினையும் போனது. குழாய்ப் பையை இப்போது நாலு பேராகப் போகும்போது மட்டும்தான் எடுக்கிறேன்.