ரோம் டோட்டல் வார்: வரியைக் குறைப்பதா, ஊருக்குள் படையை நிறுத்துவதா?

2004-இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினி வியூக விளையாட்டை ஆடியவர்களுக்குக் கார்த்தேஜ் நகரம் தரும் தலைவலி தெரியும். பிடித்த சூடு ஆறுவதற்குள் மக்கள் கோபத்தைக் காட்டும் சிவப்பு முகம் நகரத்தின் மேல் முறைக்கும்.

வரியைக் குறைத்தால் முகம் உடனே தெளியும். ஆனால் குறைந்த வரி மக்கள்தொகையைப் பெருக்கும். கூட்டம் பெருகினால் அசுத்தம் ஏறும், மக்கள் கோபமும் ஏறும். கொஞ்ச டர்ன் (ஆட்டச் சுற்று) கழித்துப் பழைய கலவரமே திரும்பி வரும்.

காவல் படையின் கணக்கு வேறு. வீரனின் திறமையை ஆட்டம் பார்ப்பதில்லை, மக்கள்தொகைக்கு எத்தனை தலை என்றுதான் எண்ணும். அதனால் லீஜியனரிகள் என்ற தேர்ந்த ரோமானிய வீரர்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, சண்டையில் முதல் ஆளாக ஓடும் மலிவான குடியானவர் படையை ஊருக்குள் நிரப்புவேன். அவர்களைச் சேர்க்கும்போது ஊரின் மக்கள்தொகையும் குறைகிறது, இரட்டை லாபம்! பராமரிப்புச் செலவு உறுத்தும்தான். வரிச்சலுகை சின்ன ஊர்களோடு சரி.