சாய்தளம் இருக்கு, கட்டில்தான் எட்டவில்லை

போன வாரம் ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்தேன். பெயர் வேண்டாம், போட்டால் அந்த ஒன்றைத்தான் திட்டுவீர்கள், நான் ஏறி இறங்கிய மற்றதும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். தென்னையில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஏழு வருடமாகிறது, அன்றிலிருந்து வீல்சேர். ஊரில் 2021ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள், ஆனால் படுக்கைப்புண் வந்துவிட்டதால் டவுனுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

வாசலில் சாய்தளம் உண்டு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, இவர்கள் இரண்டடி உயரத்தை எட்டே அடியில் முடித்திருக்கிறார்கள். தனியாக ஏறினால் வண்டி மல்லாந்துவிடும். "ஏனுங்கண்ணா, தூக்கி உட்டறட்டுங்களா?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார், நல்ல மனுஷன்தான், அதற்காக நான் என்ன வெல்ல மூட்டையா?

டோக்கன் 41. இரண்டு மணி நேரம் ஒரே இருப்பு, புண்ணோடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 25வது பிரிவு, தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் எல்லா இடத்துக்கும் தடையில்லாமல் போக வழி வேண்டும், பார்ப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. கவுண்டரில் சொன்னேன். "கேட்டுச் சொல்றேனுங்க சார்" என்றது அந்தப் பெண். யாரிடம் கேட்டதோ, பதில் வரவேயில்லை. கழிப்பறை தனிக் கதை: உள்ளே கைப்பிடியெல்லாம் பளபளவென்று இருக்கிறது, கதவோ இரண்டடி, என் வண்டி 26 அங்குலம்.

அப்புறம் டாக்டர். பரிசோதனைக் கட்டில் என் நெஞ்சு உயரம், இறக்கவும் முடியாது. "பரவால்ல, உக்காந்தபடியே பாத்துக்கலாம்" என்றார். புண் இருப்பது உட்காருகிற இடத்தில்! பார்க்காமலேயே களிம்பு எழுத ஆரம்பித்து, "இவருக்குத் தூக்கம் வருதுங்களா?" என்று என் சம்சாரத்திடம் கேட்கிறார், நான் பக்கத்திலேயே இருக்கிறேன். எடை தோராயமாகச் சொல்லச் சொன்னார்கள். 64 கிலோ என்றேன், தோராயம் இல்லை, எங்கள் ஊர் கொப்பரை மண்டியில் மேடைத் தராசில் வண்டியோடு ஏறி 82, வண்டி 18ஐக் கழித்து வந்த கணக்கு. மண்டிக்காரருக்குத் தோன்றிய யோசனை மருத்துவமனைக்குத் தோன்றவில்லை.

டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர் மட்டும் வேறு ரகம். "அண்ணா, படுத்தாத்தானுங்க பாக்க முடியும்" என்று என்னிடமே சொல்லிவிட்டு, கேஷுவாலிட்டியில் இருந்து ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார், காலால் மிதித்தால் வீல்சேர் உயரத்துக்கு இறங்குகிற மாதிரி. அத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது! நானே கையூன்றி மாறிக்கொண்டேன். புண்ணைப் பார்த்ததும் சிஸ்டர் முகம் மாறிவிட்டது, டாக்டரைத் திரும்ப அழைத்து வந்து காட்டினார், அவரும் பார்த்துவிட்டு முதலில் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.

ஐந்துக்கு இரண்டு மார்க். நீங்கள் எங்கே போனாலும் டோக்கன் வாங்கும்போதே அந்த இறங்குகிற ஸ்ட்ரெச்சரைக் கேட்டு வையுங்கள். எனக்கு வியாழக்கிழமை மறுபடி டிரெஸ்ஸிங் இருக்கு, அந்தச் சிஸ்டருக்கு அன்றைக்கு டியூட்டியா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசுவேன்.